21 வயசில் முடித்த நாவல்

'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தை டிவியில் எத்தனை தடவை பார்த்திருப்பீங்க? வீட்டை இழந்துட்டு அம்மாவோட சென்னைக்கு வர்ற அக்கா தங்கச்சி, தபு, ஐஸ்வர்யா ராய், ஏ.ஆர்.ரகுமான் பாட்டு... 2000-ல் வந்த அந்தப் படத்தோட மூலம், 1811-ல் லண்டனில் வெளியான 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' என்ற நாவல். அந்தப் புத்தகத்தில் எழுதியவர் பெயரே கிடையாது. ஒரு சீமாட்டி எழுதியது என்று மட்டும் போட்டிருந்தது. அந்தச் சீமாட்டிதான் ஜேன் ஆஸ்டின். இன்னிக்கு உலகம் முழுக்க காதல் நாவல்னாலே முதல்ல சொல்ற பெயர். ஆனா அவர் தன் முதல் புத்தகத்தைக் கையில் பிடிக்கும்போது வயசு 35. எழுத ஆரம்பிச்சது அதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடி. நடுவுல என்ன நடந்ததுங்கிறதுதான் இந்தக் கதை.

ஜேன் 1775 டிசம்பர் 16-ல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஸ்டீவன்டன் என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார். அப்பா ஜார்ஜ் ஆஸ்டின் அந்த ஊர் சர்ச் பாதிரியார். எட்டுப் பிள்ளைகள், அதில் ஜேன் ஏழாவது. ஆறு ஆண், ரெண்டே பெண். அக்கா கசாண்ட்ராதான் ஜேனுக்கு எல்லாமே. சம்பளம் போதாததால் அப்பா பசங்களை வீட்டிலேயே தங்க வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஜேன் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான், சுமார் 11 வயசில் அதுவும் முடிந்துவிட்டது. மிச்சப் படிப்பெல்லாம் அப்பாவின் புத்தக அலமாரியில். எந்தப் புத்தகத்தையும் எடுக்காதே என்று அந்த வீட்டில் யாரும் தடுக்கவில்லை. அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்ங்க. சாயங்காலம் ஆனா யாராவது ஒருத்தர் நாவலைச் சத்தமாகப் படிக்க, மத்தவங்க சுத்தி உட்கார்ந்து கேட்பாங்க. ஜேன் 12 வயசிலிருந்தே எழுதி அந்தக் கூட்டத்துக்குப் படித்துக் காட்டினார்.

இருபதாவது வயசில், 1795 கடைசியில், பக்கத்து வீட்டுக்கு டாம் லெஃப்ராய் என்ற ஐரிஷ் பையன் விருந்தாளியாக வந்தார். சட்டம் படிக்கப் போகிறவர். ரெண்டு பேரும் சில நடன விருந்துகளில் ஊர் கவனிக்கிற அளவுக்குச் சேர்ந்து ஆடினார்கள், பேசினார்கள். ஆனா டாமுக்குச் சொந்தமாகக் காசு கிடையாது, உறவினர் தயவில் படிப்பு. ஜேனுக்கும் சீதனம் என்று எதுவும் இல்லை. விஷயம் பெருசாகிறதுக்குள்ள வீட்டுக்காரங்க பையனை லண்டனுக்கு அனுப்பி வெச்சுட்டாங்க. பின்னாளில் அவர் அயர்லாந்தின் தலைமை நீதிபதி ஆனார். ரெண்டு பேருக்கும் நடுவில் எவ்வளவு காதல் இருந்ததுன்னு இன்னமும் சண்டை போட்டுட்டிருக்காங்க. காசு இல்லாம கல்யாணம் இல்லைங்கிறதை மட்டும் ஜேன் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டார்.

அதே 1796 அக்டோபரில் ஒரு நாவலைத் தொடங்கினார். தலைப்பு 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்'. முதல் பார்வையிலேயே ஒருத்தரை ஒருத்தர் தப்பாக எடை போடுகிற ஒரு பெண், ஒரு ஆண். இதை எழுதிக்கொண்டிருந்த மாதங்கள் அந்த வீட்டுக்குச் சந்தோஷமான மாதங்கள் இல்லை. கசாண்ட்ராவுக்கு நிச்சயமான டாம் ஃபௌல், கல்யாணத்துக்குக் காசு போதாமல் ராணுவத்தில் பாதிரியாராகச் சேர்ந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போயிருந்தார். 1797 பிப்ரவரியில் மஞ்சள் காய்ச்சலில் அங்கேயே இறந்துபோனார். கப்பலில் செய்தி வந்து சேரவே மாதக்கணக்கு ஆயிற்று. கசாண்ட்ரா அதுக்கப்புறம் கல்யாணமே பண்ணிக்கவில்லை. அக்கா துக்கத்தில் இருந்த அதே வீட்டில்தான், வரி வரியாகச் சிரிப்பு வரவைக்கிற அந்தக் காதல் கதையை ஜேன் எழுதி 1797 ஆகஸ்டில் முடித்தார். அப்போ வயசு 21. நம்ம ஃபைனல் இயர் வயசு.

மகளின் கதை மேல் அப்பாவுக்கு அவ்வளவு நம்பிக்கை. 1797 நவம்பர் 1-ம் தேதி லண்டனில் பெரிய பதிப்பாளரான தாமஸ் கேடலுக்குத் தானே கடிதம் போட்டார். எழுதினது யாருன்னு சொல்லவில்லை. தன்னிடம் மூன்று பாக நாவல் ஒன்று இருக்கிறது, சொந்தச் செலவில் போட்டால் எவ்வளவு ஆகும், நீங்களே வாங்கிக்கொண்டால் எவ்வளவு தருவீர்கள் என்று விசாரித்தார். அடுத்த தபாலிலேயே வேண்டாம் என்று பதில் வந்தது. கையெழுத்துப் பிரதியை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. ரெஸ்யூமைத் திறக்காமலே ரிஜெக்ட் மெயில் வருதில்ல, அதேதான்.

அந்த மாதமே ஜேன், முன்னாடி கடித வடிவில் எழுதி வெச்சிருந்த இன்னொரு கதையை எடுத்துத் திருத்தி எழுத ஆரம்பித்தார். அதுதான் பிற்பாடு 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' ஆனது.

அவரிடம் கையில் எவ்வளவு காசு இருந்ததுன்னு தெரிஞ்சுக்க ஒரு சம்பவம். 1798 அக்டோபரில் ஒரு பயணத்தில் டார்ட்ஃபோர்ட் ஊர் விடுதியில் தங்கினார்கள். ஜேனின் எழுதுபெட்டியை யாரோ தெரியாமல் வேறொரு வண்டியில் ஏற்றிவிட, அது துறைமுகத்தைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. அங்கிருந்து நேரே மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போக வேண்டிய சாமான்கள். குதிரையில் ஆள் அனுப்பி, சில மைல் தூரத்தில் வண்டியை மடக்கிப் பெட்டியை மீட்டார்கள். உள்ளே இருந்த 7 பவுண்ட்தான் அவருடைய மொத்த சொத்து.

1801-ல் அப்பா ஓய்வு பெற்று குடும்பத்தை பாத் நகரத்துக்குக் கூட்டிப் போனார். பிறந்த வீடு போச்சு, புத்தகங்களையும் விற்றுவிட்டார்கள். அடுத்த வருஷம் டிசம்பர் 2-ம் தேதி, தோழிகளின் தம்பி ஹாரிஸ் பிக்-விதர் ஜேனிடம் கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்டார். பெரிய எஸ்டேட்டின் வாரிசு. சரின்னு சொன்னா அப்பா அம்மா, அக்கா எல்லாருக்கும் ஆயுசுக்கும் கவலை இல்லை. ஜேனுக்கு 27 ஆகப்போகுது. சரி என்று சொன்னார். மறுநாள் காலையில் போய், முடியாது என்று சொல்லிவிட்டு, வண்டி பிடித்து ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். வேலைக்குப் போக வழியில்லாத, சொத்தும் இல்லாத பெண் எடுத்த முடிவு இது. கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க.

1803-ல் 'சூசன்' என்ற நாவலை கிராஸ்பி என்ற பதிப்பாளர் 10 பவுண்ட் கொடுத்து வாங்கினார். முதல் சம்பாத்தியம்! விளம்பரம் கூட வந்தது. புத்தகம் வரவில்லை. ஒரு வருஷம், ரெண்டு வருஷம்... 1805 ஜனவரியில் அப்பா இறந்தார். வருமானம் அவரோடயே நின்னுபோச்சு. அம்மாவும் ரெண்டு பெண்களும் அண்ணன் தம்பிகள் கொடுத்ததை வெச்சு வாடகை வீடு, சொந்தக்காரங்க வீடு என்று மாறிக்கொண்டே இருந்தார்கள். இந்த வருஷங்களில் ஜேன் ஒரு நாவலைத் தொடங்கிப் பாதியில் விட்டார். 1809-ல் புனைபெயரில் கிராஸ்பிக்குக் கடிதம் போட்டு 'சூசன்' என்னாச்சு என்று கேட்டார். எப்போ போடுவோம்னு நாங்க சொல்லவே இல்லையே, வேணும்னா அதே 10 பவுண்டைக் கொடுத்துட்டு எடுத்துக்கோங்க என்று பதில். அதை மீட்க அவருக்கு இன்னும் ஏழு வருஷம் ஆயிற்று.

1809 ஜூலையில்தான் நிலைமை மாறியது. பணக்கார உறவினருக்குத் தத்துப்போன அண்ணன் எட்வர்ட், சாட்டன் கிராமத்தில் ஒரு வீட்டைக் கொடுத்தார். வீட்டு வேலையில் பெரும்பகுதியை அக்கா இழுத்துப் போட்டுக்கொண்டார். ஜேன் காலை டிபனைப் பார்த்துக்கொண்டால் போதும், மிச்ச நேரம் எழுத்துக்கு. ஜன்னலோரம் ஒரு குட்டி மேஜை. அவ்வளவுதான் ஆபீஸ்.

பதிப்பாளர் எகர்டன் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யைப் போட ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை: நஷ்டம் வந்தால் எழுதியவர் தலையில். ஜேன் துணிந்து, அந்த நஷ்டத்துக்காகவே கொஞ்சம் காசு ஒதுக்கி வைத்தார். 1811 அக்டோபரில் வெளியானது. ரெண்டு வருஷத்துக்குள் அத்தனை பிரதியும் விற்று 140 பவுண்ட் லாபம்.

இப்போ அந்த 21 வயசு நாவலுக்கு வருவோம். ஜேன் அதை எடுத்து, வெட்டி, சுருக்கி, திரும்ப எழுதினார். அதே தலைப்பில் வேற ஒருத்தர் நாவல் வந்துவிட்டதால் பெயரையும் மாற்றினார். 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்'. ஆமா, அதேதான்! 150 பவுண்ட் கேட்டார், 110-க்கு உரிமையை விற்றார். அந்த வருஷமே ரெண்டாம் பதிப்பு வந்தபோது அவருக்கு ஒரு பைசா கூடக் கிடைக்கவில்லை.

1813 ஜனவரி கடைசியில் முதல் பிரதி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தர் வந்திருந்தார். புதுசா ஒரு நாவல் வந்திருக்குன்னு சொல்லி ஜேனும் அம்மாவும் மாத்தி மாத்திப் படித்துக் காட்டினார்கள். எழுதினவர் எதிர்லயே உட்கார்ந்திருக்கார்னு தெரியாமலே அந்த அம்மா ரசித்துக் கேட்டார். ஜேனுக்கு வயசு 37. கேடல் வேண்டாம் என்று சொல்லி 15 வருஷம் ஓடியிருந்தது.

அடுத்து 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்', 'எம்மா' என்று வந்தன. 1816-ல் உடம்பு கெட ஆரம்பித்தது. 1817 ஜூலை 18-ம் தேதி வின்செஸ்டரில், அக்கா பக்கத்தில் இருக்க, 41 வயசில் இறந்துபோனார். அங்கே பேராலயத்தில் அவர் கல்லறைக் கல்லில் நாவல் எழுதினார் என்று ஒரு வார்த்தை இல்லை. உயிரோடு இருந்தவரைக்கும் அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. அந்த வருஷக் கடைசியில், 10 பவுண்ட் கொடுத்து மீட்ட 'சூசன்' 'நார்தாங்கர் ஆபி'யாக வெளிவந்தபோது, அண்ணன் ஹென்றிதான் அதன் முன்னுரையில் பெயரைச் சொன்னார்.

2017-ல் இங்கிலாந்து வங்கி புதுசா வெளியிட்ட நோட்டில் ஜேன் ஆஸ்டின் படம் இருக்கு. எத்தனை பவுண்ட் நோட்டுன்னு நினைக்கிறீங்க? பத்து.

ஹாஸ்டல்ல லேப்டாப்பின் ஏதோ ஒரு ஃபோல்டரில் பாதிக் கதையை ஒளிச்சு வெச்சிருக்கிற ஆளு நம்ம பேட்சிலேயே சில பேர் உண்டு. நீங்களும் அதில் ஒருத்தர்னா, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அந்த ஃபோல்டரை டிலீட் பண்ணாதீங்க.