ஒரு ரூபாய்ச் சம்பளக்காரர் ஜட்ஜ் ஆனார்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊரான கட்டுமாவடி, 1974-க்கு முன்பு தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்தப் பெரிய ஜில்லாவில், உச்சுவாடி என்ற சிற்றூரில் 1832-ம் ஆண்டு ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் முத்துசாமி ஐயர்.

சின்ன வயதிலேயே தகப்பனார் போய்விட்டார். பிழைப்புக்காகத் தாயாரும் பிள்ளையும் திருவாரூருக்கு வந்தார்கள். அங்கே கிராமக் கணக்கரிடம் பையனுக்கு வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் ஒரு ரூபாய். சிறிது காலத்தில் தாயாரும் கண்ணை மூடினார்.

ஒரு நாள் தாசில்தார் முத்துசாமி நாயக்கருக்கு, ஆற்றில் ஏற்பட்ட உடைப்பைப் பற்றி அவசரமாக விவரம் வேண்டியிருந்ததாம். குமாஸ்தா யாரும் அகப்படவில்லை. பையனை அனுப்பினார். அவனோ எதையும் விடாமல் பார்த்து வந்து சொன்னான். தாசில்தார் அசந்து போனார். அவர் தயவால் பையன் நாகப்பட்டினம் மிஷன் பள்ளிக்கும், பிறகு சென்னைக்கும் படிக்கப் போனான். தெரு விளக்கின் அடியில் படித்தான் என்று ஊர் இன்றும் சொல்லும். விளக்கு எதுவானாலும் படிப்பு உண்மை. 1854-ல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு வாங்கினார். மாதம் ஒரு ரூபாய் வாங்கியவருக்கு அது நாற்பது வருஷச் சம்பளத்துக்கும் மேல்!

படிப்பு முடிந்ததும் வீட்டில் சும்மா இருந்து சட்டம் படிக்க வசதி ஏது? ஆசிரியர் வேலை பார்த்தார். பிறகு பள்ளிக்கூட டிப்டி இன்ஸ்பெக்டர் ஆனார். ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளைப் பார்வையிடும் உத்தியோகம் அது. சென்னை சர்வகலாசாலை 1857-ல்தான் ஏற்பட்டது. ஆகையால் பட்டம் வாங்கி வக்கீலாகும் வழி அதற்கு முன் கிடையாது. அந்தக் காலத்தில்தான் சர்க்கார், வக்கீல் பரீட்சை என்று ஒன்றை ஏற்படுத்தியது. கும்பகோணத்தில் நடந்த அந்தப் பரீட்சைக்கு முத்துசாமி ஐயரும் போய் உட்கார்ந்தார். உத்தியோகத்தை விடாமலே படித்தவர்தான் முதலாவதாகத் தேறினார்.

உடனே தரங்கம்பாடியில் முன்சீப் வேலை வந்தது. அப்புறம் தஞ்சாவூரில் டிப்டி கலெக்டர், தென் கன்னடத்தில் சப் ஜட்ஜ், 1868-ல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட் என்று படிப்படியாக உயர்ந்தார்.

மற்றவராக இருந்தால் இத்துடன் புத்தகத்தை மூடியிருப்பார். முத்துசாமி ஐயருக்கு ஒரு குறை இருந்தது. சட்டப் பட்டம் இல்லை. வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் மாஜிஸ்திரேட்டே மறுபடியும் மாணவரானார். வேலை பார்த்துக்கொண்டே படித்து பி.எல். தேறினார்.

மாஜிஸ்திரேட்டாக இருந்த நாளில் அவர் செய்த காரியம் ஒன்று. ஐகோர்ட்டின் வெள்ளைக்கார ஜட்ஜ் ஒருவர், தம் பங்களாவுக்குள் நுழைந்த ஓர் இந்தியனை அடித்துவிட்டார். முத்துசாமி ஐயர் அந்த ஜட்ஜுக்கே சம்மன் அனுப்பினார். நேரில் வரவேண்டாம் என்று விட்டுவிடும்படி மேலிடத்திலிருந்து யோசனை வந்தது. அவர் கேட்கவில்லை. விசாரித்து மூன்று ரூபாய் அபராதம் போட்டார். தொகை சின்னதுதான். ஆனால் போட்டவர் யார், கட்டியவர் யார்?

பிறகு அதே ஐகோர்ட்டில் அவரும் ஜட்ஜாக அமர்ந்தார். அங்கே அமர்ந்த முதல் இந்தியர் அவரே. வெள்ளைக்காரப் பத்திரிகைகளுக்கு இது பொறுக்கவில்லை. தாறுமாறாக எழுதின. பதில் சொல்ல இந்தியர்களுக்குச் சொந்தமாக ஓர் ஆங்கிலப் பத்திரிகை வேண்டும் என்று ஆறு இளைஞர்கள் துடித்தார்கள். இரண்டு பேர் ஆசிரியர்கள், நான்கு பேர் சட்ட மாணவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20-ந் தேதி 80 பிரதிகள் அச்சிட்டார்கள். அதுதான் ‘இந்து’ பத்திரிகை.

1893-ல் சில மாதங்கள் தலைமை நீதிபதியின் ஸ்தானத்திலும் இருந்து, ‘சர்’ பட்டமும் பெற்ற முத்துசாமி ஐயர், 1895 ஜனவரியில் காலமானார். ஐகோர்ட்டுக் கட்டடத்துக்குள் அவருடைய பளிங்குச் சிலை இருக்கிறது. தலைப்பாகையோடு உட்கார்ந்திருக்கிறார். காலில் செருப்பு இல்லை.