காந்தியின் கடைசி உண்ணாவிரதம் பாகிஸ்தானின் 55 கோடிக்காகவா? உண்மையில் என்ன கேட்டார்?

காந்தி மேலாடையைத் துறந்தது மதுரையில்தான்னு நம்ம ஊரில் எல்லாருக்கும் தெரியும். 1921 செப்டம்பர் 22-ம் தேதி, மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து இடுப்பில் ஒரு துண்டு வேட்டியுடன் வெளியே வந்தார். கதர் வாங்கக் காசில்லாத ஏழைகளைப் பார்த்து எடுத்த முடிவு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது உண்மைதான். ஆனால், அதற்கு எட்டு நாள் முன்பு நடந்த ஒரு கைதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

வால்டேர் ரயில் நிலையத்தில் நடந்தது என்ன?

செப்டம்பர் 14-ம் தேதி காந்தியும் கிலாபத் இயக்கத் தலைவர் மௌலானா முகமது அலியும் ஒரே ரயிலில் சென்னைக்கு வந்துகொண்டிருந்தார்கள். வால்டேரில் காந்தியின் கண்ணெதிரே முகமது அலியை பிரிட்டிஷ் போலீஸ் கைது செய்தது. அன்றே தொப்பியையும் சட்டையையும் கழற்றிவிட நினைத்து, வீண் பரபரப்பு ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டதாக காந்தி பிறகு எழுதியிருக்கிறார். வங்காளத்தில் முதலில் தோன்றி, வால்டேரில் வலுத்த எண்ணம் மதுரையில் முடிவானது.

முஸ்லிம்களுடனான அவரது உறவு எப்போது தொடங்கியது?

அரசியலுக்கு வருவதற்கு முன்பே. 1869-ல் போர்பந்தரில் பிறந்த காந்தி, 1893-ல் தென்னாப்பிரிக்கா போனது தாதா அப்துல்லா என்ற முஸ்லிம் வணிகரின் நிறுவன வழக்குக்காக. இந்தியர்கள் மீது திணிக்கப்பட்ட பதிவுச் சான்றிதழ்களை 1908-ல் ஆயிரக்கணக்கானோர் கூடி எரித்தது, ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசல் வளாகத்தில். பாகுபாட்டுக்கு எதிரான போராட்டத்தை அவர் கற்றுக்கொண்டதே முஸ்லிம்களோடு தோளோடு தோள் நின்றுதான்.

அப்படின்னா இந்துக்கள் தாக்கப்பட்டபோது எங்கே இருந்தார்?

அவர் மீது இன்றும் வைக்கப்படும் கேள்வி இது. பதில் ஆவணங்களில் இருக்கிறது. 1946-ல் வங்காளத்தின் நவகாளியில் இந்துக்கள் தாக்கப்பட்டபோது, 77 வயதில் அங்கே போய் மாதக்கணக்கில் தங்கினார். கிராமம் கிராமமாக நடந்து, பாதிக்கப்பட்டவர்களிடம் நேரில் கேட்டறிந்தார். 1947 மார்ச்சில் பீகார் போனார். அங்கே தாக்கப்பட்டவர்கள் முஸ்லிம்கள். எந்த ஊரில் யார் சிறுபான்மையோ, அவர்கள் பக்கம் போய் நிற்பது. வதந்தியை நம்பாமல் விசாரிப்பது. இரண்டு இடத்திலும் ஒரே வழிதான்.

1947 செப்டம்பரில் கல்கத்தாவில் மீண்டும் கலவரம் மூண்டபோது, 1-ம் தேதி முதல் 4-ம் தேதி வரை உண்ணாவிரதம் இருந்தார். நகரம் அடங்கியது. அடுத்து டெல்லி.

டெல்லியில் நிலைமை எப்படி இருந்தது?

மேற்கு பஞ்சாபிலிருந்து எல்லாவற்றையும் இழந்து வந்த இந்துக்களும் சீக்கியர்களும் நகரை நிறைத்திருந்தார்கள். வீடுகளை விட்டு விரட்டப்பட்ட டெல்லி முஸ்லிம்கள் புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறை வளாகத்திலும் முகாம்களில் கிடந்தார்கள். காலியான பள்ளிவாசல்களிலும் வீடுகளிலும் அகதிகள் குடியேறியிருந்தார்கள். இருதரப்பு முகாம்களுக்கும் காந்தி போனார். பள்ளிவாசல்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னபோது, குளிரில் நாங்கள் எங்கே போவது என்ற கோபம் அகதிகளிடம் எழுந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அகதிகளுக்கு இடம் தர வேண்டியது அரசு. ஒருவர் இழந்ததற்கு இன்னொருவரின் வீட்டைப் பறிப்பது தீர்வாகாது என்பது காந்தியின் நிலை.

உண்ணாவிரதத்தில் அவர் கேட்டது என்ன?

1948 ஜனவரி 13-ம் தேதி உண்ணாவிரதம் தொடங்கியது. அவர் வைத்த நிபந்தனைகளில் முக்கியமானவை:

* மெஹ்ரோலியில் உள்ள குவாஜா குத்புதீன் பக்தியார் காக்கி தர்காவில் உருஸ் விழா வழக்கம்போல் நடக்க வேண்டும்.
* கைப்பற்றப்பட்ட பள்ளிவாசல்களைத் திருப்பித் தர வேண்டும்.
* முஸ்லிம்கள் தெருவிலும் ரயிலிலும் பயமில்லாமல் போய்வர வேண்டும்.
* முஸ்லிம் வியாபாரிகளைப் புறக்கணிக்கக் கூடாது.
* ஊரை விட்டுப்போன முஸ்லிம்கள் திரும்பி வந்தால் தடுக்கக் கூடாது.

இவை போலீஸ், ராணுவ பலத்தால் இல்லாமல் மக்களின் சொந்த முயற்சியால் நடக்க வேண்டும் என்பதும் உறுதிமொழியில் இடம்பெற்றது.

55 கோடி கதை எங்கிருந்து வந்தது?

பிரிவினைக் கணக்குப்படி பாகிஸ்தானுக்குத் தர வேண்டிய 75 கோடி ரூபாயில் 20 கோடி தரப்பட்டிருந்தது. காஷ்மீர் சண்டையால் மீதி 55 கோடியை இந்தியா நிறுத்திவைத்தது. உண்ணாவிரதம் நடந்துகொண்டிருந்தபோது, ஜனவரி 15-ம் தேதி அதை விடுவிக்க அமைச்சரவை முடிவெடுத்தது. பணத்தை நிறுத்தியது சரியில்லை என்று காந்தி கருதியது உண்மை. ஆனால், டெல்லி மக்கள் முன் அவர் வைத்த நிபந்தனைகளில் பணம் இல்லை. தேதியைப் பார்த்தாலே புரியும். பணத்துக்காக என்றால் 15-ம் தேதியே முடித்திருக்கலாமே? 18-ம் தேதிதான் முடித்தார். அன்று இந்து மகாசபை, ஆர்.எஸ்.எஸ். தரப்பினர் உட்படப் பலரும் அமைதிக்கு உறுதி கொடுத்தார்கள். மௌலானா ஆசாத் கையால் பழச்சாறு அருந்தினார்.

பிறகு?

ஜனவரி 20-ம் தேதி அவரது பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. அவர் அசரவில்லை. 27-ம் தேதி மெஹ்ரோலி தர்காவின் உருஸ் விழாவுக்கே போனார். உடைக்கப்பட்டிருந்த பளிங்குத் தடுப்புகளைப் பார்த்தார். இந்துக்களும் சீக்கியர்களும் விழாவுக்கு வந்திருந்ததையும் பார்த்தார். 30-ம் தேதி மாலை நாதுராம் கோட்சே அவரைச் சுட்டுக்கொன்றார். நீதிமன்றத்தில் கோட்சே அடுக்கிய காரணங்களில் 55 கோடியும் ஒன்று. இன்றுவரை அந்தப் பணம்தான் பேசப்படுகிறது. பள்ளிவாசல், கடை, ரயில் பயணம் என்று அவர் கேட்டவை பேசப்படுவதில்லை.

அன்று அவர் உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி மதுரை தமுக்கம் காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராணி மங்கம்மாள் அரண்மனையில் அமைந்த இந்த அருங்காட்சியகத்தை 1959 ஏப்ரல் 15-ம் தேதி நேரு திறந்துவைத்தார். அந்தக் கண்ணாடிப் பெட்டி முன் நிற்கும் பிள்ளைகள் ஏன் சுட்டார்கள் என்று கேட்டால், அந்த நிபந்தனைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.