ஓமரகானாவில் ஒரு கூடாரம்

மாணவப் பருவத்திலே நூல்நிலையத்தின் மூலையொன்றில் கண்டெடுத்த நூலொன்று என்னை நெடுங்காலம் ஆட்கொண்டிருந்தது. அதன் ஆசிரியர் புரொனிஸ்லோ மாலினோவ்ஸ்கி. 1922இல் வெளிவந்த அந்நூல், நியூகினியின் கிழக்கு முனைக்கு வடக்கே பவளப்பாறைமீது தட்டையாய்க் கிடக்கும் திரோபிரியந்துத் தீவுகளின் மக்களைப் பற்றியது. அன்று தொட்டு அவரை ஒரு குருவாகவே மனத்தில் இருத்தினேன். பிற்காலத்தில் அவருடைய நாட்குறிப்பைப் படித்தபோதுதான் கலக்கம் வந்தது.

மாலினோவ்ஸ்கி 1884இல் போலந்தின் கிராக்கோ நகரிலே மொழியியற் பேராசிரியர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். தந்தையார் முந்திக் காலமாகவே, தாயாரே அவருக்கு எல்லாமாயினார். 1908இல் கலாநிதிப் பட்டம் பெற்று, 1910இல் இலண்டன் சென்று மானிடவியல் பயின்றார். 1914இல் அறிஞர் குழுவொன்றுடன் அவர் அவுஸ்திரேலியா சென்ற வேளையில் உலக யுத்தம் மூண்டது. அவரோ ஆஸ்திரியப் பேரரசின் பிரசை, ஆகவே பகைநாட்டார். ஆயினும் அவுஸ்திரேலிய அரசினர் அவர் ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை, பொருளுதவியும் செய்தனர்.

அக்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் விறாந்தையில் அமர்ந்து, ஊரவரை அழைப்பித்து, மொழிபெயர்ப்பாளன் வாயிலாக வினவிக் குறித்துக்கொண்டு கப்பலேறினர். மாலினோவ்ஸ்கியோ கிரிவினாத் தீவின் ஓமரகானா என்னும் ஊரிலே, தலைவனுடைய வீட்டிற்கு அருகிற் கூடாரமடித்தார். 1915 முதல் 1918 வரை இரு தடவைகளில் ஏறக்குறைய ஈராண்டு அத்தீவுகளில் தங்கினார். ஊர் மொழியைக் கற்றார். சமையலையும் சச்சரவையும் கண்ணாரக் கண்டார்.

அவர் கண்டவற்றுள் என்னைப் பெரிதும் கவர்ந்தது கூலா என்னும் பரிமாற்றமாகும். செந்நிறச் சிப்பி மாலைகள் தீவுக்குத் தீவு வலமாகச் சுற்றிவரும். வெண்சங்குக் காப்புகள் இடமாகச் சுற்றிவரும். இவற்றுக்காக மக்கள் தோணியேறி ஆழ்கடல் கடப்பர். பெற்றவன் அதனை நெடுநாள் வைத்திருத்தல் ஆகாது. அடுத்தவனுக்கு அளித்தே தீர வேண்டும். உண்பதற்கோ உழுவதற்கோ உதவாத பொருளுக்கு இத்துணைப் பாடா என்று நகைப்பவர், வெற்றிக் கிண்ணங்களுக்காக நம் பாடசாலைகள் படும் பாட்டையும் எண்ணிப் பார்க்கலாம். பெயரும் உறவும் அம்மாலையோடு கூடவே பயணஞ் செய்தன.

இன்னுமொன்று. அமைதியான கடனீரேரியில் மீன்பிடிப்போர் மந்திரம் ஓதுவதில்லை. அபாயம் மலிந்த திறந்த கடலுக்குச் செல்வோரே ஓதுவர். மந்திரம் அறியாமையின் விளைவன்று, நிச்சயமின்மையின் துணை என அவர் கண்டது இதனாலேயே. ஒவ்வோர் ஆடவனும் தான் விளைத்த வள்ளிக்கிழங்கிற் சிறந்த பங்கைத் தன் சகோதரியின் கணவன் வீட்டிற்கு அளிப்பதையும் அவர் விரித்தெழுதியுள்ளார். தாய்வழிக் குலமுறை அங்கே வழங்குகின்றது.

இத்தகைய மனிதர் 1942இல் அமெரிக்காவிலே காலமானார். அதற்கு 25 ஆண்டுகளின் பின், 1967இல், போலந்து மொழியிலிருந்த அவருடைய நாட்குறிப்பு மொழிபெயர்க்கப்பட்டு அச்சேறிற்று. அதிலே அவர் தீவினரை ஏசுகின்றார், வெறுக்கின்றார். இழிசொற்களையும் கூசாது எழுதுகின்றார். நோய்க்கு அஞ்சுகின்றார், வேலையை விட்டு நாவல் படித்துப் பொழுதைக் கழிக்கின்றார். எனக்குச் சினமே வந்தது. மாணவர்க்கு நான் புகழ்ந்துரைத்தவர் இவர்தானா என்று நூலை மூடிவைத்தேன்.

சில மாதங்களின் பின் மீண்டும் திறந்தேன். அவ்விழிசொற்களை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. எனினும் அவற்றை எழுதிய கையே அந்த மக்களின் செயலுக்கு நியாயமுண்டென்று உலகிற்குக் காட்டியது என்பதையும் மறுக்க முடியவில்லை. இப்பொழுது வகுப்பிலே இரு நூல்களையும் பற்றிச் சொல்லுகிறேன். மாணவர் வாதாடுகின்றனர், நான் குறுக்கிடுவதில்லை.

தாயார் 1918 சனவரியில் கிராக்கோவில் இறந்தார். யுத்த காலமாதலால் யூன் மாதத்திலேயே மகனுக்குச் செய்தி கிட்டிற்று. அதன் பின்னரும் அவர் சில மாதங்கள் தீவிலிருந்து வேலையைத் தொடர்ந்தார். நாட்குறிப்பின் இறுதிப் பக்கங்களில் தாயாரின் நினைவே நிறைந்திருக்கின்றது. தம்மிடம் உண்மையான குணவுறுதி இல்லையென்று தம்மைத் தாமே நொந்துகொண்டு அவர் அதனை முடிக்கின்றார்.