நேதன் ஹேல்

போர்க்களத்தில் மார்பில் குண்டேந்தி வீழ்ந்தவனை உலகம் போற்றும். மாறுவேஷம் தரித்துப் பகைவர் பாசறையிற் புகுந்து தூக்கிலே மடிந்தவனை அவ்வளவு எளிதில் போற்றுவதில்லை. ஆயினும் அமெரிக்க மக்கள், 21-வது வயதில் அவ்வாறு மடிந்த நேதன் ஹேலைத் தங்கள் சுதந்திர யுத்தத்தின் வீரர்களுள் ஒருவராகக் கொண்டாடி வருகின்றனர். அவர் சரித்திரம் நேயர்கள் சிந்தனைக்கு உரியதென்று கருதுகிறோம்.

1755-ம் வருஷம் ஜூன் 6-ந் தேதி கனெக்டிகட்டில் கோவென்ட்ரி என்னும் ஊரில் பிறந்த ஹேல், 1773-ல் யேல் கலாசாலையில் பட்டம் பெற்று உபாத்தியாயரானார். 1775-ல் யுத்தம் மூண்டதும் பள்ளியைத் துறந்து சைனியத்தில் சேர்ந்து, விரைவில் காப்டன் பதவியும் பெற்றார். எனினும், பெற்ற சம்பளத்துக்கு ஈடாகத் தேசத்துக்கு ஏதும் செய்யவில்லையே என்னும் குறை அவர் மனத்தை வருத்திக்கொண்டிருந்தது.

1776 ஆகஸ்டு 27-ந் தேதி லாங் தீவில் தோல்வியுற்ற வாஷிங்டன், பிரிட்டிஷார் அடுத்து எங்கே இறங்குவர் என்பதறியாது திகைத்தார். ஒற்றராகச் செல்ல ஹேல் முன்வந்தார். வேவு பார்ப்பது கௌரவமான தொழிலன்று என்றும், கபடமறியாத சுபாவம் அதற்கு ஏற்றதன்று என்றும் நண்பர் வில்லியம் ஹல் தடுத்தார். தேசத்துக்கு அவசியமான ஊழியம் எதுவும் இழிவாகாதென்று கூறி ஹேல் புறப்பட்டார்.

உபாத்தியாயர் வேஷத்தில் லாங் தீவை அடைந்தார். ஆனால் செப்டம்பர் 15-ந் தேதியே பிரிட்டிஷார் மான்ஹாட்டனில் இறங்கிவிட்டமையால், அவர் அறியச் சென்ற விஷயமே பயனற்றுப் போயிற்று. 21-ந் தேதி இரவு சிக்கினார். குறிப்புகளும் அவரிடம் அகப்பட்டன. விசாரணையின்றி, ஜெனரல் ஹௌவின் உத்தரவுப்படி, மறுநாட் காலையில் தூக்கிலிடப்பட்டார். அவர் கலங்காது உயிர் நீத்த செய்தியை வெள்ளைக்கொடியுடன் வந்த பகைவர் அதிகாரியே நண்பர்களுக்குத் தெரிவித்தார். அவர் சமாதி எங்கே என்பது இன்றுவரை புலப்படவில்லை.

ஹேலின் தைரியத்தில் குறையில்லை. பயிற்சியோ, ரகசிய எழுத்தோ, உள்ளூர்த் துணையோ இன்றி அவரைத் தனியே அனுப்பியவர்களையே குறைகூற வேண்டும். அத்தவறு பின்னர் திருத்தப்பட்டது. 1778-ல் ஹேலின் கலாசாலைத் தோழர் பெஞ்சமின் டால்மேஜ், புனைபெயர்கள், எண்குறிகள், மறைமை முதலியவற்றுடன் கல்ப்பர் என்னும் ஒற்றர் குழுவை அமைத்தார். அது பிரிட்டிஷார் வசமிருந்த நியூயார்க்கிலிருந்து செய்திகளை அனுப்பிவந்தது.

உயிரைத் தர முன்வரும் வாலிபர்கள் எத்தேசத்திலும் உண்டு. அவ்வுயிரை வீணாக்காது காப்பது அனுப்பும் தலைவர்களின் கடமை. ஹேலுக்கு வணக்கம் செலுத்துவோர் அக்கடமையையும் மறத்தலாகாது என்பதே நமது கருத்து.