பாட்டாளியை நிலத்துக்கு உரியவனாக்கிய துன் சம்பந்தன்

ரப்பர்த் தோட்டம் என்பது மலாயாத் தமிழர்க்கு வேலைத்தலம் மட்டுமன்று. லயத்து வீடும், பிள்ளைகள் பயிலும் தமிழ்ப்பள்ளியும், கைக்குழந்தைகளைக் காக்கும் ஆயாக்கொட்டகையும், மாரியம்மன் கோயிலும் அதனுள்ளேயே அமைந்திருந்தன. லுக்குட், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களாயினும், பேராக், கெடா மாநிலத் தோட்டங்களாயினும் நிலை ஒன்றே. ஆயினும் இவற்றுள் ஒன்றேனும் தொழிலாளருக்குச் சொந்தமன்று. நிலம் கைமாறினால் அனைத்தும் ஒருங்கே ஆட்டங்காணும். இவ்வுண்மையை உணர்ந்து, அதற்கொரு மாற்று வழியைச் செயலிற் காட்டியவர் துன் வீ. தி. சம்பந்தன் ஆவார்.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அவர் பிறந்தார். தமிழகத்திலிருந்து 1896ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்து, ரப்பர்த் தோட்ட உரிமையாளராக உயர்ந்த வீராசாமி அவருடைய தந்தையார். மகனுக்குத் திருஞானசம்பந்தன் எனச் சமயக் குரவரின் பெயரையே சூட்டினார். கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் ஆங்கிலக் கல்வி முடித்த இளைஞர், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்று பட்டம் பெற்றார். அங்குத் தமிழ்ப்பற்றும் காந்தியடிகளின் நெறியும் அவருள்ளத்தில் வேரூன்றின.

தாயகம் திரும்பியவர், செல்வர் வீட்டுப் பிள்ளையாக ஒதுங்கி வாழ்ந்தாரல்லர். மூன்று தோட்டத் துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து 1948ஆம் ஆண்டில் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதே சுங்கை சிப்புட் நிகழ்ச்சியால்தான். அச்சமும் வறுமையும் சூழ்ந்திருந்த அவ்வூரில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளியை நிறுவும் பணியில் அவர் முன்னின்றார். 1954ஆம் ஆண்டில் திருமதி விஜயலட்சுமி பண்டிட் அப்பள்ளியைத் திறந்துவைத்தார்.

1955ஆம் ஆண்டில் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைமைப் பொறுப்பு அவரை வந்தடைந்தது. அதுவரை படித்தவரும் வணிகரும் முன்னிலை வகித்த அவ்வியக்கம், அவர் காலத்தில் தோட்டத் தொழிலாளரிடையே பரவியது. அவ்வாண்டு நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலில் வென்று தொழிலமைச்சரானார். பின்னர்ச் சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல் தொலைத்தொடர்பு, தேசிய ஒற்றுமை ஆகிய துறைகளையும் ஏற்று நடத்தினார்.

ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது பதவியன்று. 1960ஆம் ஆண்டில் அவர் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமேயாகும்.

நாடு விடுதலை பெறவிருந்த காலத்திலும் அதற்குப் பின்னரும், வெள்ளையர் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டன. கூட்டாகச் சேர்ந்து வாங்கிய வணிகர்கள், பெருந்தோட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி இலாபத்துக்கு விற்றனர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. துண்டு நிலத்தை வாங்கியவருக்குப் பள்ளியையோ மருந்தகத்தையோ பேணும் கடப்பாடு இல்லை. தொழிற்சங்கம் பேசி முடித்த சம்பளமும் அங்குச் செல்லாது. குத்தகையாள் கொடுப்பதே கூலியாயிற்று. வேலை இழந்தோர் லயத்தையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. 1962ஆம் ஆண்டில் வெளிவந்த பேராசிரியர் உங்கு அசிசின் ஆய்வு, இத்துன்பத்தை நாடறியச் செய்தது.

துண்டாடலைத் தடுக்குமாறு குரல் எழுப்புவதோடு சம்பந்தன் நின்றுவிடவில்லை. விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளரே ஏன் வாங்கலாகாது என்பதே அவர் சிந்தனை. தோட்டந்தோட்டமாகச் சென்றார், தலைக்குப் பத்து வெள்ளி செலுத்திப் பங்குதாரராகுமாறு வேண்டினார். நாட்கூலி சில வெள்ளியே பெற்ற குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று. கங்காணியிடமும் வட்டிக்கடையிலும் ஏமாந்து பழகியவர்கள் எளிதில் நம்புவாரோ? இருப்பினும் வியர்வைக் காசு வெள்ளி வெள்ளியாகச் சேர்ந்தது. 1961ஆம் ஆண்டில் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. தொடர்ந்து வேறு பல தோட்டங்களும் வாங்கப்பட்டன. சங்கம் வாங்கிய தோட்டம் துண்டாடப்படவில்லை. குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேற வேண்டியிருக்கவுமில்லை. அதுவே அதன் பெரும்பயன்.

குறைகளும் இல்லாமலில்லை. சங்கத்தின் கைக்கு எட்டுமுன்னரே துண்டாடப்பட்ட தோட்டங்கள் பல. பங்குதாரரான பின்னும் பால்மரம் வெட்டுவோர் கூலியாட்களாகவே நீடித்தனர். தமக்கென ஒரு துண்டு நிலத்தைப் பெற்றாரல்லர் என்று குறை கூறினோரும் உண்டு. 1969ஆம் ஆண்டில் குடியுரிமையில்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, பல்லாயிரவர் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்ப நேர்ந்தது. அத்துயரைக் கூட்டுறவால் தடுத்துவிட இயலவில்லை. கட்சிக்குள்ளும் எதிர்ப்பு வளர, 1973ஆம் ஆண்டில் தலைமைப் பதவியினின்று விலகினார்.

தந்தையார் தேடிய சொத்தில் பெரும்பகுதி அவருடைய பொதுவாழ்விலேயே கரைந்தது. 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அவர் மறைந்தார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சின் பெருஞ்சாலையும், சங்கத்தின் தலைமையகமான விஸ்மா துன் சம்பந்தனும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

அவர் மறைவுக்குப் பின் காலம் வேறு கோலம் பூண்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் அழிந்து வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. நெகிரி செம்பிலானிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்தோர் சொந்த வீடின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறிய துயரம் உண்டு. தோட்டத்தோடு பள்ளியும் கோயிலும் இடம்பெயர நேர்ந்ததும் உண்டு. உழைப்பவனுக்கு மண்ணில் உரிமை இல்லையேல் அவன் கட்டிய கோயிலுக்கும் நிலையான இடமில்லை என்பதை இவை உணர்த்துகின்றன.

தனியொருவரின் பத்து வெள்ளியால் ஒரு கதவுநிலைகூட வாங்க இயலாது. பல்லாயிரவரின் பத்து வெள்ளி ஒரு தோட்டத்தையே வாங்கிற்று. சிறுகச் சிறுகத் திரட்டி, கணக்கு வைத்து, ஒன்றுபட்டு நிற்கும் வழியை அப்பெருமகனார் காட்டிச் சென்றார். அன்பர்கள் அளிக்கும் சிறு காணிக்கையால் கோபுரம் எழுவதைக் கண்ணாரக் காணும் சமுதாயத்துக்கு அவ்வழி புதிதன்று. கோயிலுக்காகக் கூடும் கைகள், வீட்டுக்கும் கல்விக்கும் நிலத்துக்கும் கூடுமாயின், அதுவே துன் சம்பந்தனுக்குச் செலுத்தும் உண்மையான நன்றிக்கடனாகும்.