உயிரணுவின் இழைகளை எண்ணிய ஜானகி அம்மாள்

நம் பிரிஞ்சாங் மலைச்சரிவுகளில் அன்னையர் பறிக்கும் தேயிலைக் கொழுந்து ஒவ்வொன்றும் கண்ணுக்குப் புலப்படாத உயிரணுக்களால் ஆனது. உயிரணுவினுள் உட்கரு உண்டு. உட்கருவினுள் நூலிழை போன்ற குரோமோசோம்கள் உண்டு. இலையின் வடிவம், தண்டின் உயரம், சாற்றின் சுவை ஆகிய பண்புகளைத் தாய்ச்செடியிலிருந்து சேய்க்குக் கொண்டு செல்வன இவையே. தேயிலையின் உயிரணுவில் இவை 30, மனிதருக்கு 46. இவ்விழைகளை எண்ணி ஆராய்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் ஜானகி அம்மாள்.

மலபாரில் உள்ள தலச்சேரியில் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் இவர் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்று, சென்னையிலேயே கிறித்தவ மகளிர் கல்லூரியில் ஆசிரியையானார். வீட்டார் திருமணம் பேசிய வேளையில், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயில உதவித்தொகை கிட்டியது. அவர் கப்பலேறினார். இறுதிவரை மணம் புரியவேயில்லை. 1931-இல் அங்கே அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். அக்காலத்தில் எழுத்தறிந்த பெண்களே நம்மவருள் மிகச் சிலர் என்பதை நினைத்துப் பாருங்கள்!

1934 முதல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் ஆய்வு செய்தார். இனிப்பு மிக்க தடித்த கரும்பு நோய்க்கு எளிதில் இரையாகும். ஆற்றங்கரையில் தானே வளரும் பேய்க்கரும்போ எதையும் தாங்கும், ஆனால் இனிப்பில்லை. இரண்டையும் கலந்தால் பிறக்கும் நாற்றில் எதன் பண்பு எவ்வளவு சேர்ந்துள்ளது? கலப்பு மெய்யாகவே நிகழ்ந்ததா? கண்ணால் பார்த்துச் சொல்லல் அரிது. உயிரணுக்கள் விரைந்து பிரியும் இளம் வேர்நுனியை அரிந்து, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் குரோமோசோம்கள் தெரியும். அவற்றின் எண்ணிக்கையே விடை கூறும். கரும்பை மக்காச்சோளத்துடனும் அவர் கலந்து ஆராய்ந்தார். பெண் என்பதாலும் சாதியாலும் அவர் பட்ட இடர்கள் பல.

1939-இல் இங்கிலாந்து சென்றவர், போர்க்காலம் முழுதும் அங்கேயே ஆய்வைத் தொடர்ந்தார். பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து, டார்லிங்டன் என்னும் அறிஞருடன் 1945-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். கால்ச்சிசின் என்னும் நஞ்சை நாற்றில் இட்டால் குரோமோசோம்கள் இரட்டிக்கும். (நம் செங்காந்தட் கிழங்கிலும் அந்நஞ்சு உண்டு, தொடாதீர்கள்!) அம்முறையை அவர் மக்னோலியா நாற்றுகளில் கையாண்டார். அவ்வின மரமொன்று இன்றும் அவர் பெயர் தாங்கிப் பூக்கிறது.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று, 1951-இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைத்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட முனைந்தபோது, எண்பது வயதைக் கடந்தும், அக்காட்டுச் செடிகளின் குரோமோசோம்களை ஆராயப் புறப்பட்டார்.

1984 பிப்ரவரி 7-ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.