இருட்டில் வைத்த குறி

நைனிதாலில் 1875-ம் ஆண்டு பிறந்தவர் ஜிம் கார்பெட். சிறு வயது முதல் காடுதான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

இமயமலையில் ருத்ரப்பிரயாகைப் பகுதியில் ஒரு சிறுத்தைப்புலி 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்றது. பொழுது சாய்ந்தால் ஊரே கதவைத் தாளிட்டது.

துப்பாக்கியில் கண்ணருகே ஒரு பிளவு. குழல் நுனியில் ஒரு முனை. பிளவு, முனை, மிருகம் மூன்றும் நேர்கோட்டில் வந்தால்தான் குறி தப்பாது. இருட்டில் முனை தெரியுமா? துப்பாக்கியிலேயே டார்ச் விளக்கைப் பொருத்தினார் கார்பெட்.

1926 மே மாதம். மாமரத்தின்மேல் அவர், கீழே ஆடு. பல இரவுகள் வீணாயின. ஓர் இரவு ஆட்டின் மணி ஒலித்தது. விளக்கைப் போட்டார். குறி சிறுத்தையின் தோளில் நின்றது. ஒரே வெடி! விளக்கும் அணைந்தது. விடிந்து பார்த்தால், சிறுத்தை செத்துக் கிடந்தது!

பிற்காலத்தில் அவர் புலிகளைக் காமிராவால் குறி பார்த்தார். 1955-ல் கென்யாவில் மறைந்தார். இன்று புலிகள் வாழும் ஒரு காடே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.